கந்தோர் தின்ற ஆறு வருடம்

தில்லைநாயகிக்குக் கலியாணம் இரண்டு தரம் நடந்தது. மாப்பிள்ளை ஒருத்தர்தான். முதலாம் தரம் யாழ்ப்பாணத்தில், நாற்பத்தெட்டாம் ஆண்டு தையில், பதிவுகாரர் வீட்டுக்கு வந்து புத்தகத்தை விரிக்க, அவளும் நல்லைநாதனும் கையெழுத்து வைத்தார்கள். எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள் அதை எழுத்து என்பார்கள். இரண்டாம் தரம் கோலாலம்பூரில், ஐம்பத்துநாலாம் ஆண்டு தையில், கூறை கொடுத்துத் தாலி கட்டி, மூன்று பந்தி சோறு போட்டு நடந்தது. இடையில் போனது ஆறு வருடம்.

எழுத்து வைத்துவிட்டால் பெண் இன்னாருக்கு என்று ஆகிவிடும். சீதன உறுதியும் அந்தக் கையோடேயே முடிந்துவிடும். வேறொருவன் கேட்டு வரமாட்டான். ஆனால் அவள் அவள் வீட்டில், அவன் அவன் வீட்டில். தனியாக இருந்து ஒரு கோப்பி குடித்தால்கூட ஊர் வாய் மூடாது. தாலி ஏறும்வரை அவள் குமர்ப்பிள்ளைதான். இது மலாயாவில் கந்தோர் என்கிற அரசாங்க அலுவலகக் கதிரையில் குந்தியிருந்த எங்கள் கிளாக்கர்மார் அத்தனை பேருக்கும் தெரிந்த சங்கதி. அவர்களில் பாதிப் பேர் அப்படித்தான் கட்டினார்கள். அரசாங்கத்துக்கும் தெரியும். தனக்கு வேண்டியபோது தெரியும், வேண்டாதபோது தெரியாது. நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

தில்லையின் தகப்பன் வைரவநாதர் மலாயா ரயில்வேயில் முப்பது வருடம் கிளாக்கராக இருந்து பென்சன் எடுத்தவர். கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேண்டும், அரசாங்க உத்தியோகமே உத்தியோகம் என்பது அவருக்கு வேதம். ஆண்பிள்ளை இல்லாததால் மூத்தவளைப் பதினேழு வயதில், முப்பத்தேழாம் ஆண்டு, அரசாங்கக் கந்தோரில் தட்டச்சுக்குச் சேர்த்துவிட்டார். நாலு வருடத்தில் அவளைப் பென்சன் கணக்குப் பார்க்கும் பகுதிக்கு மாற்றினார்கள். அங்கே அவளுக்கு நிகர் ஆளில்லை. ஓர் உத்தியோகத்தரின் சேவைப் புத்தகத்தைக் கையில் கொடுத்தால், எத்தனை வருடம், எத்தனை மாதம், இடையில் சம்பளமில்லாத லீவு எத்தனை நாள் என்று காகிதம் எடுக்காமலே சொல்லிவிடுவாள். விதிப் புத்தகத்தில் எந்த அத்தியாயத்தில் எது இருக்கிறது என்பது அவளுக்கு மனப்பாடம்.

அந்தப் புத்தகத்தில் துரைமாருக்கு எல்லாம் இருந்தது. மலை மேலே வீடு இருந்தது. வீடு கிடைக்காவிட்டால் வீட்டு அலவன்ஸ் இருந்தது. சீமைக்கு லீவில் போய்த் திரும்பக் கப்பலில் கால் நீட்டிப் படுத்து வந்த நாட்களும் சேவை நாட்களே. யப்பான்காரன் ஆண்ட மூன்றரை வருடத்தையும் பெருந்தன்மையோடு சேவை என்று எழுதிக்கொண்டார்கள். தில்லை அந்த மூன்றரை வருடமும் கந்தோர் முற்றத்தில் மரவள்ளி நட்டவள். மரவள்ளி நட்டது மன்னருக்குச் செய்த ஊழியம் என்று ஏற்றுக்கொண்ட அரசாங்கம் அது. மறந்துவிடாதீர்கள்.

பெண்களுக்கும் ஒரு பக்கம் இருந்தது. கலியாணம் முடித்தால் நிரந்தர உத்தியோகம் போய்விடும். பென்சன் இல்லை. சேவை செய்த வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம் என்று கணக்குப் போட்டு, பன்னிரண்டு மாதத்துக்கு மேற்படாமல், ஒரு தொகையைக் கையில் கொடுத்து அனுப்புவார்கள். வீட்டு அலவன்ஸ் அன்றைக்கே நிற்கும். வீடு கொடுக்கப் புருஷன் இருக்கிறானாம். வேண்டுமென்றால் அவளைத் திரும்ப எடுப்பார்கள், மாதத்துக்கு மாதம், தற்காலிகமாக. ஆண் கலியாணம் முடித்தால் அவனுடைய அலவன்ஸ் ஏறும். ஒரே பந்தல், ஒரே முகூர்த்தம், ஒருத்தருக்கு ஏற்றம், ஒருத்திக்கு இறக்கம். இத்தனையும் தில்லைக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் அவள் தாலிக்குக் கழுத்தை நீட்டினாள்.

ஆறு வருடம் ஏன் பிந்தியது என்றால், சீதனம். நல்லைநாதன் வீட்டார் ஊரில் கல்வீடு கேட்டார்கள். வைரவநாதர் காணியை எழுதிக் கொடுத்தார், வீட்டைக் கட்டித் தருகிறோம் என்று வாக்கும் கொடுத்தார். அவருடைய பென்சன் அரிசிக்கும் இழுப்பு மருந்துக்கும் காணாது. வீட்டைக் கட்டினது தில்லையின் சம்பளம். ஒரு வருடம் அத்திவாரம், மறு வருடம் சுவர், அதற்கடுத்த வருடம் கூரை மரம், பிறகு ஓடு. தன்னைக் கட்டப்போகிறவருக்குத் தானே உழைத்து வீடு கட்டிக்கொண்டு, கோலாலம்பூரில் ஓர் அறையில், தனி உத்தியோகத்தருக்குரிய சின்ன அலவன்ஸில் அவள் வாடகை கட்டினாள்.

நல்லைநாதன் லிப்பிஸ் என்கிற தூரத்து ஊரில் றோட்டுப் படம் கீறுகிற உத்தியோகம். கெட்டவர் என்று சொல்ல ஏலாது. கெட்டவராக இருக்கவும் கொஞ்சம் முதுகெலும்பு வேண்டும். எழுத்து முடித்து மலாயாவுக்குத் திரும்பின கையோடு, தனக்குக் கலியாணம் முடிந்துவிட்டது, கலியாணம் முடித்தவருக்குரிய அலவன்ஸ் தாருங்கள் என்று மனுப் போட்டார். மனு விளக்கம் கேட்டுத் தில்லையின் கந்தோருக்கே வந்தது. பதிலைத் தட்டச்சுச் செய்ததும் அவள்தான். மனைவியின் பெயர் அதில் இல்லை. மனைவி உம்மோடு ஒரு கூரையின் கீழ் வாழவில்லை, உமது சமூக வழக்கப்படி விவாகச் சடங்கும் நடைபெறவில்லை, எனவே நீர் விவாகமாகாதவராகவே கருதப்படுவீர் என்று துரை சொல்லச் சொல்ல அடித்தாள். அடித்துவிட்டுத் தனக்குள் சிரித்தாள். அரசாங்கமும் எங்கள் ஆட்களைப் போலத்தான் நினைக்கிறது என்று நம்பினாள். அந்த நம்பிக்கையில்தான் வருடாவருடம் வந்த படிவத்தில் விவாகமாகாதவள் என்று எழுதினாள். அதுதான் அவள் விட்ட பிழை. அரசாங்கம் தன் வாயால் சொன்னதை நம்பின பிழை.

தாலி கட்டிய மறு கிழமையே, ஒளிவுமறைவு இல்லாமல், கலியாணம் முடித்துவிட்டேன் என்று கடிதம் எழுதி விவாகப் பதிவுப் பத்திரத்தையும் கூட வைத்தாள். பதினேழு வருடச் சேவை, பன்னிரண்டு மாதச் சம்பளம். அதைத் தவிர அவள் எதையும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் பெரிய கிளாக்கர் ஏரம்பமூர்த்தி தன் மேசைக்குக் கூப்பிட்டார். அவள் தகப்பனோடு பழகினவர், வெற்றிலை போடுகிறவர், பென்சனுக்கு இன்னும் இரண்டு வருடம் இருந்தவர்.

"பிள்ளை, இதில திகதி நாப்பத்தெட்டு எண்டு கிடக்குது."

"ஓம் அண்ணை. அது எழுத்து வைச்ச திகதி."

"துரை அதைத்தான் பிடிச்சுக்கொண்டு நிக்கிறான். நாப்பத்தெட்டிலயே உமக்குக் கலியாணம் முடிஞ்சுதாம். அண்டைக்கே உத்தியோகம் விட்டதாக் கணக்காம். உம்மட சேவை பதினொரு வருஷம்தானாம்."

"அப்ப பிறகு ஆறு வருஷம் இந்தக் கதிரையில இருந்தது ஆர்? என்ர ஆவியோ?"

"என்னோட கோவிச்சு என்ன செய்யிறது? அதோட அந்த ஆறு வருஷமும் தனி ஆள் எண்டு எடுத்த வீட்டு அலவன்ஸைத் திருப்பிக் கட்டவும் வேணுமாம்."

"அண்ணை, நீங்களும் எழுத்து வைச்சு நாலு வருஷத்தால தானே தாலி கட்டினனீங்கள்? அந்த நாலு வருஷமும் அக்காவுக்கு நீங்கள் புருஷனோ?"

ஏரம்பமூர்த்தி வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். "அது ஊர் வழக்கம். இது சட்டம். சரி, ஆறுதலா யோசியும். பதினொரு வருஷத்துக்குப் பதினொரு மாசச் சம்பளம் வரும். பதினேழு வருஷமெண்டாலும் பன்னிரண்டுக்கு மேல தராங்கள். ஒரு மாசச் சம்பளம்தான் வித்தியாசம். அதுக்காகத் துரையோட மல்லுக்கட்டப் போறீரோ? அலவன்ஸ் விஷயத்தை நான் கதைச்சுச் சரிப்பண்ணுறன்."

"எனக்கு அந்த ஒரு மாசச் சம்பளம் வேண்டாம் அண்ணை. அந்த ஆறு வருஷமும் நான் வேலை செய்தனான் எண்டு எழுதச் சொல்லுங்கோ. ஒரு வெள்ளிக் காசும் தராமல் விடட்டும், எழுதட்டும்."

"விசர்க்கதை கதைக்கிறீர்."

"மரவள்ளி நட்டதைச் சேவையெண்டு எழுதினவங்கள். இருநூறு துரைமாற்ற பென்சனை ஒரு பிழையில்லாமல் கணக்குப் பார்த்ததை இல்லையெண்டு எழுதினால் எனக்கு விசர் பிடிக்காமல் என்ன பிடிக்கும்?"

அன்று மத்தியானம் அவள் சாப்பிடப் போகவில்லை. பழைய கடிதங்கள் கட்டிவைத்த அறைக்குள் போய், தூசியில் தும்மித் தும்மி, நாற்பத்தெட்டாம் ஆண்டுக் கட்டை அவிழ்த்து, தான் அடித்த அந்தப் பதிலின் பிரதியை எடுத்தாள். துரையின் மேசையில் கொண்டுபோய் வைத்தாள். அதே கந்தோர், அதே எழுத்து, அதே ஆள். புருஷனுக்கு நீ கலியாணம் முடிக்காதவன் என்றும் பெண்சாதிக்கு நீ கலியாணம் முடித்தவள் என்றும் ஒரே வாயால் எப்படிச் சொல்லலாம் என்று ஒரு பக்கக் கடிதம். மாமியார் உடைத்தால் மண்சட்டி, மருமகள் உடைத்தால் பொன்சட்டி என்பதை இங்கிலீசில் எப்படி எழுதுவது என்று தெரியாததால் அதை மட்டும் விட்டுவிட்டாள்.

துரை மூன்று கிழமை யோசித்தான். யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தான். பிழை பெண்சாதியின் கணக்கில் இல்லையாம், புருஷனுக்கு எழுதின பதிலில்தானாம். ஆகவே நல்லைநாதன் நாற்பத்தெட்டிலிருந்தே கலியாணம் முடித்தவர். அவருக்கு ஆறு வருட அலவன்ஸ் நிலுவையைக் கொடுப்பார்கள். தில்லை திருப்பிக் கட்டவேண்டியதை அதில் கழித்துக்கொண்டு மிச்சம் முழுவதும் அவர் கையில். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கிற வேலை. தேங்காய் அவளுடைய ஆறு வருடம்.

இதற்கு ஒரு படிவம் வந்தது. மேலே புருஷன் ஒப்பமிட வேண்டும்: இந்த ஆறு வருடமும் என் மனைவியை என் சம்பளத்தில் நான் வைத்துப் பராமரித்தேன். கீழே பெண்சாதி: அது உண்மை. பெண்சாதி ஒப்பமிடாவிட்டால் நிலுவையும் இல்லை, திருப்பிக் கட்டவேண்டியதை அவளுக்கு வரும் தொகையிலேயே வெட்டுவார்கள்.

தாலி கட்டின பிறகு நல்லைநாதன் மாற்றம் எடுத்துக் கோலாலம்பூருக்கு வந்து அவளோடுதான் இருந்தார். படிவம் அவர் கந்தோருக்கு நேரே போனது. அன்று பின்னேரம் அவர் அதை மேசையில் வைத்துவிட்டுப் புட்டும் மீன்குழம்பும் சாப்பிட உட்கார்ந்தார். தில்லை எடுத்துப் பார்த்தாள். மேலே மை காய்ந்திருந்தது.

"ஒப்பம் வைச்சிட்டீங்களோ?"

"ஓம். என்ன, கேட்டு வைக்கவேணுமோ? வாற காசை ஆர் விடுவினம்?"

"என்ன எழுதியிருக்குதெண்டு வாசிச்சனீங்களோ?"

"உதெல்லாம் ஒரு முறைக்கு எழுதுறது. இஞ்சரும், கொஞ்சம் குழம்பு விடும்."

தில்லை விடவில்லை. சட்டியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

"ஆறு வருஷம் என்னை வைச்சுப் பராமரிச்சதெண்டு எழுதியிருக்குது. லிப்பிஸில இருந்து எனக்கு என்ன அனுப்பினனீங்கள்? ஒருக்கா ஒரு கூடை றம்புட்டான் வந்தது. அதில பாதி அழுகல்."

"பகிடி விடாதையும். எல்லாம் ஒரு வீட்டுக் காசுதானே. உமக்கு வந்தாலென்ன, எனக்கு வந்தாலென்ன?"

"காசைப் பற்றி ஆர் கதைச்சது? நீங்கள் ஒப்பம் வைச்சால் அந்த ஆறு வருஷமும் நான் உங்கட சோத்தைத் திண்டுகொண்டு சும்மா இருந்தவள். நீங்கள் இப்ப ஊருக்குக் கடிதம் எழுதேக்க என்ர வீடு, என்ர வீடு எண்டு எழுதிறியளே, அந்த வீட்டுக் கூரைக்கு ஓடு ஆர் போட்டது?"

நல்லைநாதனுக்கு முகம் கறுத்தது. "சீதனம் தாறது வழக்கம். அதைச் சொல்லிக் காட்டுறது வழக்கமில்லை."

"சொல்லிக் காட்டேல்லை. கணக்குக் காட்டுறன்."

"நாளைக்கு ஒப்பத்தை வைச்சுக் குடும். ஏரம்பமூர்த்தியரும் அதைத்தான் சொன்னவர். ஒரு மாசச் சம்பளத்துக்காக வாற காசைத் தட்டிவிடுறவளை நான் உலகத்தில காணேல்லை."

ஆக இரண்டு பேரும் பேசி முடித்துவிட்டார்கள். அவளுடைய ஆறு வருடத்தை அவளைத் தவிர்ந்த எல்லோரும் கூடி விலை பேசி, மலிவாகக் கொடுத்தும் விட்டார்கள். துரைமேல் வந்த கோபம் அவளுக்குப் பழகின கோபம். அவன் அந்நியன், போய்விடுவான். சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்துகொண்டு குழம்பு கேட்கிற ஆளின்மேல் வந்த கோபம் புதியது. அதற்கு என்ன செய்வதென்று அவளுக்கு அன்று தெரியவில்லை. சட்டியை அடுப்பில் திரும்ப வைத்துவிட்டு வாசலில் போய் இருந்தாள்.

மறுநாள் கந்தோரில், எல்லோரும் பார்க்க, தன் மேசையில் இருந்து அந்தப் படிவத்தை நிரப்பினாள். மனைவி ஒப்பமிடவேண்டிய இடத்தில், அது உண்மை என்று அச்சடித்திருந்ததை வெட்டினாள். தன் முத்தான கையெழுத்தில், இது உண்மையல்ல என்று எழுதினாள். இந்த ஆறு வருடத்தில் என் கணவர் எனக்கு ஒரு வேளைச் சோறும் தரவில்லை, நான் கேட்கவுமில்லை. இந்த ஆறு வருடமும் நான் இந்தக் கந்தோரில் வேலை செய்தேன், வரவுப் புத்தகத்தைப் பார்க்கவும். அந்தச் சம்பளத்தில் அவருக்கு ஒரு வீடு கட்டிக் கொடுத்தேன், ஓட்டுக்காரனின் ரசீதும் தச்சனின் ரசீதும் இத்துடன் உள்ளன. எழுதி ஒப்பமிட்டு, கிடைத்தது என்று முத்திரை குத்தி, எண் போட்டுப் பதிந்து உள்ளே அனுப்பினாள். பதிந்துவிட்ட காகிதத்தைக் கிழிக்க எந்தத் துரைக்கும் தைரியம் வராது. கணக்காய்வுக்காரன் எண்ணைத் தேடுவான்.

ஏரம்பமூர்த்தி ஓடி வந்தார். "என்ன வேலை செய்து வைச்சிருக்கிறீர்? உம்மட மனிசன் பொய் எழுதினதெண்டு ஆகுதே. அவற்ற உத்தியோகம் என்னத்துக்காகும்?"

"பொய் எழுதினால் பொய் எழுதினதெண்டுதானே ஆகும்."

"புருஷனல்லோ."

"நாப்பத்தெட்டிலயோ ஐம்பத்துநாலிலயோ அண்ணை? அதைத்தானே இத்தனை நாளாக் கேட்டுக்கொண்டிருக்கிறன்."

நல்லைநாதனிடம் விளக்கம் கேட்டார்கள். படிவத்தைச் சரியாக விளங்கிக்கொள்ளவில்லை என்று எழுதிக் கொடுத்தார். அவர் வாழ்க்கையில் எழுதிய உண்மைகளில் அதுவும் ஒன்று. எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். ஆனால் மூன்று மாதம் அவர் வீட்டில் அவளோடு பேசவில்லை. நாலாம் மாதம் பேசினபோது, "என்னை ஊர் சிரிக்கப் பண்ணிப்போட்டீர்" என்றார்.

"ஊர் சிரிக்கேல்லை. வீட்டை ஆர் கட்டினதெண்டு ஊருக்கு முந்தியே தெரியும். உங்களுக்குத்தான் நான் எழுதிச் சொல்லவேண்டி வந்தது."

புருஷனின் வாக்குமூலம் விழுந்தபடியால் நிலுவை கொடுக்க வழியில்லை. நிலுவை இல்லையென்றால் நாற்பத்தெட்டாம் ஆண்டுப் பதில் சரி. அந்தப் பதில் சரியென்றால் அவள் ஐம்பத்துநாலு தைவரை விவாகமாகாதவள். வேறு ஓட்டை ஒன்றும் அகப்படாமல் துரை பதினேழு வருடச் சேவை என்று ஒப்பமிட்டான். திருப்பிக் கட்டவேண்டியது ஒன்றுமில்லை. பன்னிரண்டு மாதச் சம்பளம் வந்தது. கந்தோரில் ஒருவரும் அவளுக்கு நல்லது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதோடு நிரந்தர உத்தியோகம் முடிந்தது. அடுத்த நாளே தற்காலிக ஆளாகத் திரும்ப எடுத்தார்கள், அடிச் சம்பளத்தில், மாதத்துக்கு மாதம். அவளை விட்டால் பென்சன் கணக்குப் பார்க்க ஆளில்லை என்று துரைக்குத் தெரியும். மாதாமாதம் நீட்டி நீட்டி, துரைமார் கப்பலேறிப் போனபிறகும் அதே விதி அதே புத்தகத்தில் இருக்க, அவள் பின்னும் பதினாறு வருடம் அதே கதிரையில் இருந்தாள். கடைசி மாதச் சம்பளத்தோடு வீட்டுக்குப் போனாள், பென்சன் இல்லாமல். அதெல்லாம் பிறகு நடந்தது. சொல்லவேண்டியது தற்காலிக ஆளாக அவள் வந்த முதல் நாளை.

அன்று காலை ஏரம்பமூர்த்தி அவளிடம் ஒரு புதுச் சேவைப் புத்தகத்தைக் கொடுத்து நிரப்பச் சொன்னார். பெயர், பிறந்த திகதி, நியமனத் திகதி எல்லாம் எழுதினாள். முன்சேவை என்ற இடத்தில் பதினேழு வருடம் என்று எழுதினாள்.

"பிள்ளை, அதில இல்லை எண்டுதான் போடவேணும். காசு தந்து கணக்கு முடிச்சாச்சு. முடிஞ்ச சேவை சேவையில்லை. உமக்குத் தெரியாத விதியோ?"

"தெரியும்."

"அப்ப வெட்டும்."

"நான் வெட்டமாட்டன் அண்ணை. வெட்டுறதெண்டால் நீங்கள் வெட்டுங்கோ."

அவர் அங்குமிங்கும் பார்த்தார். துரையின் கதவு திறந்திருந்தது. சிவப்பு மையைத் தொட்டு, அடிமட்டம் வைத்து, பதினேழு வருடத்தின்மேல் நேராக ஒரு கோடு இழுத்தார். மேலே இல்லை என்று எழுதினார். புத்தகத்தை மூடப் போனார்.

தில்லை மூடவிடவில்லை. உள்ளங்கையைப் பக்கத்தின்மேல் வைத்தாள்.

"வெட்டு விழுந்தால் வெட்டினவர் பக்கத்தில ஒப்பம் வைக்கவேணும். அதுவும் விதிதான். உங்களுக்குத் தெரியாததோ?"

"எல்லாரும் பார்க்கினம், பிள்ளை."

"பார்க்கட்டும். பதினேழு வருஷத்தை வெட்டினது ஆரெண்டு இந்தப் புத்தகத்தில கிடக்கட்டும். வையுங்கோ."

ஏரம்பமூர்த்தி பேனையை மறுபடி மையில் தொட்டார். அவள் கையை எடுக்கவில்லை. கடைசியில், ஒரு மூலையில், எறும்பளவு எழுத்தில் தன் முழுப் பெயரையும் எழுதினார்.

"திகதியும் போடுங்கோ" என்றாள் தில்லை.